தெளித்தது வேறு

பிப்ரவரி 3, திங்கள்

மகள் அபிராமியையும் குழந்தையையும் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட அரசி இன்று திருப்பூர் கிளம்பினாள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றிவிட்டேன். பேத்திக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. பத்து நாளில் வந்துவிடுவதாக அரசி சொன்னாள்.

பத்து நாளைக்கு இரண்டு பெரிய பெட்டி எதற்கு என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

வீடு முழுக்க வசம்பும் பேபி பவுடரும் கலந்த வாசனை. கூடத்துச் சுவரில் அரசியின் அம்மா படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடக்கிறது. துடைப்பதற்கு எடுத்து எங்கேயாவது வைத்திருப்பாள்.

இட்லி மாவு இரண்டு நாளைக்கு வரும்.

பிப்ரவரி 5, புதன்

ஆய்வகத்தில் இயக்குநர் கூப்பிட்டுவிட்டார். மாவலிக் கண்மாயில் ஆகாயத்தாமரை கரையோடு கரை மூடிவிட்டதாம். கண்மாயைச் சுற்றி நடைபாதையும் பூங்காவும் போட்டு, சித்திரைக்குள் படகு விடப் போகிறார்கள். ஆள் வைத்து அள்ளினால் மாதக்கணக்கில் ஆகும் என்று களைக்கொல்லி தெளிக்க ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். அது மீனுக்கு ஆகுமா ஆகாதா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"சபாபதி, இது அர்ஜென்ட். மேலேயிருந்து தினமும் போன் வருது. இழுக்காம முடிச்சுக் கொடுத்துருங்க," என்றார்.

இருபத்தெட்டு வருடமாக இதுதான் என் வேலை. சாயம், உரம், பூச்சிமருந்து என்று எது வந்தாலும் தண்ணீரில் கலந்து, அதில் மீனை விட்டு, எந்த அளவில் மீன் சாகத் தொடங்குகிறது, எந்த அளவில் பாதி சாகிறது என்று பார்ப்பேன். கேட்பவர்களுக்கு இது கொடுமையாகத் தோன்றும். கல்யாணமான புதிதில் அரசிக்கும் தோன்றியது. "ஒரு தொட்டி மீனைக் கொன்னு ஒரு ஏரி மீனைக் காப்பாத்துறோம்," என்று அப்போது அவளுக்கு விளக்கியிருக்கிறேன். அந்தக் காலத்தில் நிறையப் பேசியிருக்கிறேன் போல.

தோசை. தேங்காய்ச் சட்னியில் உப்பு போட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஜெசிந்தாவோடு மாவலிக் கண்மாய்க்குப் போனேன். எங்கள் பிரிவில் எனக்கு அடுத்து இருப்பவள் அவள். சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது, வேலையில் கெட்டி.

கரையில் நின்று பார்த்தால் தண்ணீரே தெரியவில்லை. ஒரே பச்சை. மாடு இறங்கினால்கூட நடந்து போய்விடும் போலிருக்கிறது. தெற்கு மூலையில் மட்டும் கொஞ்சம் விலக்கி வலை போட இடம் பண்ணி வைத்திருக்கிறார் வெள்ளைக்கண்ணு. இந்தக் கண்மாயில் மீன் பிடிக்கும் சங்கத்துக்குத் தலைவர் அவர். நாற்பது வயது இருக்கும். அவர் மனைவி பஞ்சவர்ணம் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"சார், இங்கிட்டு வாங்க. அங்கிட்டு முழங்கால் வரைக்கும் சேறு," என்று கையைப் பிடித்து இறக்கினார் வெள்ளைக்கண்ணு.

சோதனைக்கு ரோகு குஞ்சு கேட்டேன். ஐப்பசி மழையில் விட்ட குஞ்சுகள் இப்போது ஒரு சாண் நீளம் வளர்ந்திருக்கின்றன. பொடிக் குஞ்சுகள் தனியாக ஒரு பள்ளத்தில் இருந்தன. அதிலிருந்து அள்ளிக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

"இந்தத் தாமரை ஒழிஞ்சா எங்களுக்கும் நல்லதுதான் சார். வலைய விரிக்க எடமில்ல. ஆனா மருந்தடிச்சா மீனு என்னாகும்? பங்குனி கடைசில பிடிக்கணும்னு இருக்கோம்."

"அதைத்தான் பார்க்கப் போறோம்," என்றேன்.

"நல்லாப் பாருங்க சார்," என்றார் பஞ்சவர்ணம், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிப்ரவரி 10, திங்கள்

கம்பெனியிலிருந்து மாதிரி வந்தது. பழுப்பு நிறச் சிறு குப்பி. உள்ளே தண்ணீர் மாதிரித் தெளிவான திரவம். குலுக்கிப் பார்த்தேன், நுரை இல்லை.

களைக்கொல்லி கடையில் விற்கும்போது இப்படி இருக்காது. இலையில் ஒட்டிப் பிடிப்பதற்காக சோப்பு மாதிரி ஒன்றைக் கலந்திருப்பார்கள். ஒட்டும் திரவம் என்று விவசாயிகள் சொல்வார்கள். கொழகொழவென்று இருக்கும், குலுக்கினால் பொங்கும். இதில் அது இல்லை. மருந்தை மட்டும் தனியாக அனுப்பியிருக்கிறார்கள்.

போன் பண்ணிக் கேட்கலாம் என்று எடுத்தேன். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

சோதனை தொடங்கியாயிற்று. ஆறு தொட்டி. ஐந்தில் மருந்து, ஒன்றைவிட ஒன்றில் கூடுதலாக. ஆறாவதில் வெறும் தண்ணீர். அந்தத் தொட்டி மீன் பிழைத்திருந்தால்தான் மற்றத் தொட்டியில் சாவது மருந்தால் என்று சொல்ல முடியும். நான்கு நாள் பார்க்க வேண்டும். இரை போடக் கூடாது.

கலக்கும்போது ஜெசிந்தா கேட்டாள். "சார், இதுல ஒட்டும் திரவம் இல்லபோல இருக்கே?"

"அனுப்புனதைத்தானம்மா சோதிக்க முடியும்."

"தெளிக்கிறது இதுதானான்னு கேட்டுட்டா நல்லதில்லையா சார்?"

"பார்ப்போம்," என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

மீன்கள் நன்றாக இருக்கின்றன.

அரசி போன் செய்தாள். குழந்தைக்குச் சளியாம். அது சரியாகட்டும், பிறகு வருகிறேன் என்றாள். சரி என்றேன். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டாள். போடுகிறேன் என்றேன். அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை. பின்னால் குழந்தை சத்தம் கேட்டது.

பிப்ரவரி 15, சனி

சோதனை முடிந்தது. மிகக் கூடுதலாக மருந்து போட்ட தொட்டியில் ஒரு மீன் செத்திருந்தது. மற்றவை எல்லாம் உயிரோடு இருக்கின்றன, நீந்துவதிலும் வித்தியாசம் இல்லை. கண்மாயில் தெளிக்கப் போகும் அளவு இதைவிட எவ்வளவோ குறைவு.

வேட்டி துவைத்தேன். நீலம் அதிகமாகிவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

நான் எழுதியிருந்த கடைசி வரி: அனுப்பப்பட்ட மாதிரியைப் பொறுத்தவரை, பரிந்துரைத்த அளவில் மீன்களுக்குத் தீங்கு இல்லை. இயக்குநர் பேனாவை எடுத்து முதல் பாதியை அடித்தார். "இதெல்லாம் எதுக்கு சபாபதி? படிக்கிறவனுக்குக் குழப்பம். சோதிச்சீங்க, தீங்கில்ல, அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். மீதமிருக்கும் பாதியில் பொய் எதுவும் இல்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன்.

ஜெசிந்தாவும் உடன் கையெழுத்துப் போட வேண்டும். ரொம்ப நேரம் தாளைக் கையில் வைத்திருந்தாள். நான் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் போட்டாள்.

ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

வெள்ளைக்கண்ணு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஈரச் சாக்கில் சுற்றி ஒரு விரால் மீன் கொண்டுவந்திருந்தார், எனக்காக. மருந்து தெளிக்க ஆட்சேபம் இல்லை என்று சங்கத்திடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்களாம். மற்றவர்கள் சரி என்றுவிட்டார்கள். இவர்தான் என்னைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்.

"ரிப்போர்ட்டுன்னு ஒண்ணக் காட்டுறாய்ங்க சார். எனக்கு அதெல்லாம் விளங்காது. நீங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. மீனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே இயக்குநர் அறைக் கதவு திறந்திருந்தது.

"ஒண்ணும் ஆகாது," என்றேன்.

"அது போதும் சார்." என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கை கரடுமுரடாக இருந்தது.

விராலைக் குழம்பு வைத்தேன். அரசியிடம் போனில் பக்குவம் கேட்டிருக்கலாம். புளி தூக்கலாகிவிட்டது. பாதிக்குமேல் இறங்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

குழந்தைக்குச் சளி சரியாகிவிட்டது. தடுப்பூசி போட்டுவிட்டு வருகிறேன் என்கிறாள்.

மார்ச் 10, திங்கள்

இன்று தெளித்தார்கள். நான் போக வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் போனேன்.

கரையில் நீல டிரம்கள் வரிசையாக இருந்தன. இரண்டு படகில் ஆட்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு விசைத்தெளிப்பானோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் டிரம்மிலிருந்து வாளியில் ஊற்றித் தண்ணீர் கலந்தான். வாளி நிறைய நுரை பொங்கி அவன் கால்மேல் வழிந்தது. தேன் நிறத்தில் கொழகொழவென்ற திரவம்.

மேற்பார்வையாளரிடம் போய், "இதுதான் எங்களுக்கு அனுப்பினதா?" என்று கேட்டேன்.

"அதே மருந்துதான் சார். இதுல ஒட்டுறதுக்குச் சேர்த்திருக்கும். இல்லேன்னா இலைல நிக்காதே," என்றார், நான் ஏதோ தெரியாமல் கேட்டதுபோல.

அப்போது பாதிக் கண்மாய் தெளித்தாகிவிட்டது. நிறுத்துங்கள் என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. அதிகாரம் உள்ளவரிடம் சொல்லலாம் என்றால் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. வெயில் கடுமையாக இருந்தது. டிரம்மின் அடியில் கிடந்ததைக் கொஞ்சம் என் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் பிடித்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

வெள்ளைக்கண்ணு தூரத்தில் அடுத்த கரையிலிருந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

மார்ச் 11, செவ்வாய்

மீன் செத்துவிட்டது.

காலையில் ஜெசிந்தா போன் செய்தாள். நான் போய்ச் சேரும்போது கரை முழுக்க ஜனம். ஆகாயத்தாமரை இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. சில இன்னும் சாகவில்லை. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்றைக் கையில் எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்த்தேன். சளி மாதிரி அடைத்துக் கிடந்தது. தண்ணீருக்குள் இருந்துகொண்டே மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன.

ஆகாயத்தாமரை ஒரு இலைகூட வாடவில்லை. நேற்றைப் போலவே பச்சைப் பசேலென்று இருந்தது. களை அழுகி, தண்ணீரில் காற்றுக் குறைந்து மீன் சாவதுண்டு. அதற்குப் பத்து நாளாவது ஆகும். இது அது இல்லை.

வெள்ளைக்கண்ணு தண்ணீரில் இடுப்பளவு நின்று இரண்டு கையாலும் மீனை அள்ளி அள்ளிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் போகவில்லை.

மார்ச் 12, புதன்

பஞ்சவர்ணம் வீடு தேடி வந்துவிட்டார். காலை, நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"அவரப் போலீஸ்ல கூட்டிட்டுப் போய்ட்டாய்ங்க சார். ஒரேடியா மீனப் பிடிக்கிறதுக்கு அவருதான் வெசத்தக் கலந்துட்டாருன்னு கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்திருக்கான். மருந்துனால சாகலயாம். அதான் உங்க ரிப்போர்ட்லயே இருக்காம்ல."

ஈரக் கையை வேட்டியில் துடைத்தேன்.

"இன்னும் ஒரு மாசத்துல பிடிக்கப்போற மீன எவனாச்சும் சாகடிப்பானா? நீங்களே சொல்லுங்க."

"மாட்டாங்க."

"அத அங்க வந்து சொல்லுங்க சார். அவரு கையெழுத்தே போடமாட்டேன்னுதான் இருந்தாரு. நீங்க சொன்னீகன்னுதான் போட்டாரு."

பார்க்கிறேன் என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினார்.

சோறு குழைந்துவிட்டது.

மார்ச் 13, வியாழன்

பாட்டிலில் பிடித்து வந்ததைச் சோதித்தேன். இயக்குநர் சென்னை போயிருக்கிறார். ஜெசிந்தா ஒன்றும் கேட்காமல் தொட்டிகளைக் கழுவி வைத்தாள். மீதமிருந்த ரோகுக் குஞ்சுகள்.

கண்மாயில் கலந்திருக்கக்கூடிய அளவுதான் போட்டோம். கொஞ்ச நேரத்தில் மேலே வரத் தொடங்கின. வாயைத் திறந்து திறந்து மூடின. மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. வெறும் தண்ணீர்த் தொட்டி மீன்கள் சாதாரணமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

இருபத்தெட்டு வருடமாகச் செத்த மீனை வலைக்கரண்டியால் எடுத்து எண்ணியிருக்கிறேன். இன்று ஜெசிந்தாவை எடுக்கச் சொன்னேன்.

"அன்னிக்கே கேட்டிருக்கலாம் சார்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அதைத்தான் நினைத்திருப்பாள்.

மார்ச் 17, திங்கள்

இயக்குநரிடம் இரண்டாவது முடிவைக் கொண்டுபோய் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரு இந்தச் சோதனையைப் பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார்."

"மாதிரி எங்கேர்ந்து வந்துச்சு? முத்திரை இருக்கா? தண்ணி பாட்டில்ல பிடிச்சது எந்த விசாரணையிலும் நிக்காது. ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. நாம கொடுத்த அறிக்கைல ஒரு தப்பும் இல்ல. நம்மகிட்ட எதக் கேட்டாங்களோ அதச் சொல்லியிருக்கோம்."

"வெள்ளைக்கண்ணு ஸ்டேஷன்ல இருக்காரு சார்."

"அது போலீஸ் வேலை. உங்க வேலை இல்ல. ஒரு வருஷம் இருக்கு சபாபதி, நல்லபடியா முடிச்சுட்டுப் போங்க."

என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் பேசியது முழுக்க இத்தனை நாள் எனக்குள் நானே சொல்லிக்கொண்டிருந்ததுதான். வெளியே வேறு ஒரு ஆள் வாயிலிருந்து கேட்க அசிங்கமாக இருந்தது.

மார்ச் 20, வியாழன்

நானே அரசிக்குப் போன் செய்தேன். தடுப்பூசி போட்டாயிற்றாம். அப்புறம் யுகாதிக்கு மாப்பிள்ளைக்கு லீவு, அபிராமி வேலைக்குத் திரும்பப் போகிறாள், குழந்தையை யார் பார்ப்பது என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தாள். சரி, சரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று நிறுத்திவிட்டாள்.

"நான் இங்க வந்து ஒன்றரை மாசம் ஆச்சு. எப்ப வர்றன்னு ஒருநாளாச்சும் நீங்க கேட்டீங்களா?"

"நீதான் சொல்லிக்கிட்டே இருந்தியே..."

"நான் சொன்னேன். நீங்க கேக்கல. ரெண்டு பெட்டி எடுத்துட்டுப் போனேன், அதயும் கேக்கல. எங்கம்மா போட்டோவக் கழட்டுனேன், அதயும் கேக்கல. நான் என்ன செவத்துகூடவா குடும்பம் நடத்துனேன்? இங்க இந்தப் பச்சப்புள்ள கூட நான் பேசுனா திரும்ப ஒரு சத்தம் கொடுக்குதுங்க."

நான் பதில் சொல்வதற்குள் அபிராமி கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 24, திங்கள்

கோட்டாட்சியர் விசாரணை. தாலுகா அலுவலகத்தில். என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். வெள்ளைக்கண்ணுவை இரண்டு போலீஸ்காரர்கள் கூட்டி வந்தார்கள். பஞ்சவர்ணம் சுவர் ஓரமாக நின்றிருந்தார். கம்பெனி ஆள் எங்கள் அறிக்கையை நீட்டிப் பேசி முடித்த பிறகு நான் எழுந்து உள்ளே போனேன்.

கோட்டாட்சியர் சின்ன வயதுப் பெண். "நீங்க யாரு?" என்றார்.

"அந்த அறிக்கைல முதல் கையெழுத்து என்னோடது மேடம்."

"அதுல தீங்கில்லன்னுதானே இருக்கு?"

"நாங்க சோதிச்சது தீங்கில்லாதது. தெளிச்சது அது இல்ல." இரண்டாவது சோதனை முடிவை மேசைமேல் வைத்தேன். நுரையைப் பற்றி, செவுளைப் பற்றி, மறுநாள் வாடாமல் நின்ற ஆகாயத்தாமரையைப் பற்றிச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டே வந்தார்.

"ரெண்டும் வேற வேறன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"மாதிரி வந்த அன்னிக்கே சந்தேகம் இருந்துச்சு."

"ஏன் கேக்கல?"

அவரே தொடர்ந்தார்.

"கேக்கக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல மேடம். யாரும் சொல்லல."

"அப்புறம்?"

"கேக்கல," என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. திரும்பும்போது பஞ்சவர்ணம் கண்ணில் பட்டார். அவர் முகத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்த எதுவும் இல்லை.

மார்ச் 29, சனி

வெள்ளைக்கண்ணுவை விட்டுவிட்டார்கள். வழக்கும் இல்லை. கம்பெனிமேலும் ஒன்றும் இல்லை. மீன் சாவுக்குக் காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்று எழுதி முடித்திருக்கிறார்கள். தண்ணீர் மாறும்வரை கண்மாயில் மீன் வளர்க்க யாருக்கும் அனுமதி கிடையாது.

கண்மாய்க்குப் போனேன். இப்போது ஆகாயத்தாமரை முழுக்கக் கருகிவிட்டது. நாற்றம் தாங்கவில்லை. வெள்ளைக்கண்ணு கரையில் வலையை மடித்துச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு இடது பக்கமாக நின்று பேசினேன். அவர் கையைக் காட்டி வலது பக்கம் வரச் சொன்னார்.

"அந்தக் காதுல சரியாக் கேக்கல சார். இப்பத்தான், ஸ்டேஷன் போயிட்டு வந்ததுலேர்ந்து."

"டாக்டர்கிட்டப் போகலாம். நான் கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

"வேணாம் சார்." வலையைச் சாக்கில் அமுக்கிக்கொண்டே சொன்னார். "நீங்க வந்து பேசுனீகளாம். பஞ்சவர்ணம் சொல்லுச்சு. சரிதான். ஆனா அன்னிக்கு வராந்தாவுல நீங்க தெரியலன்னு சொல்லிருந்தாக்கூட நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். தெரியலங்கிற ஒரு வார்த்தை சார்."

சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 7, திங்கள்

சோதனைப் பிரிவிலிருந்து என்னை நூலகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜெசிந்தாதான் இனி பொறுப்பு. சாவிக்கொத்தைக் கொடுத்தேன். இன்று புதிதாக ஒரு குப்பி வந்தது, ஏதோ சாயக் கழிவு. அவள் அதைத் திறக்கும் முன் போனை எடுத்து, எந்தத் தொட்டியிலிருந்து எடுத்தது, யார் எடுத்தார்கள், வேறு என்ன கலந்திருக்கிறது என்று வரிசையாகக் கேட்டாள். எதிர்முனையில் ஆள் எரிச்சல்படுவது எனக்கே கேட்டது. அவள் விடவில்லை.

நூலகத்தில் மின்விசிறி ஓடவில்லை.

ஏப்ரல் 12, சனி

நான்கு நாள் லீவு போட்டுத் திருப்பூர் போனேன். மாப்பிள்ளையும் அபிராமியும் வேலைக்குப் போயிருந்தார்கள். அரசி கதவைத் திறந்தாள். இளைத்துப்போய், ஆனால் முகத்தில் ஒரு தெளிவோடு இருந்தாள். குழந்தை என்னைப் பார்த்து அழுதது. முகம் மறந்துவிட்டது.

குழந்தையைத் தூங்கப்பண்ணிவிட்டு அவள் துணி மடிக்க உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குப்பி வந்த நாளிலிருந்து. இயக்குநர் அடித்த பாதி வரி, வராந்தா, நுரை, செவுள், அந்தக் காது. அவள் மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

"இத்தனை பேச்சு நீங்க பேசி நான் கேட்டதே இல்லங்க," என்றாள் கடைசியில். கண் கலங்கியிருந்தது.

"எப்ப வர்ற அரசி?" என்று கேட்டேன்.

துணிகளை அடுக்கி முடித்தாள்.

"வரலைங்க. கோபமில்ல. உங்களுக்கு மாத்திரை போட்டீங்களான்னு நெதம் கேக்குறேன், கேப்பேன். ஆனா அந்த வீட்டுக்கு என்னால திரும்ப முடியல. இங்க எனக்குக் காலையில எந்திரிக்கத் தோணுது."

எவ்வளவு நாளாக இப்படி நினைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். அபிராமி கல்யாணத்திலிருந்தே என்றாள். வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்டேன். அதற்கு அவள் சிரித்தாள், பாவப்பட்டுச் சிரிப்பதுபோல.

"சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. சாயங்காலம் ஆயிருச்சுன்னா பஸ்ல எடம் கிடைக்காது."

என் பை, செருப்பு வைக்கும் இடத்தின் பக்கத்திலேயே இருந்தது. நான்கு நாளைக்கான துணி. அதைத் திறக்கவில்லை. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

வாசல்வரை வந்தாள். "அந்த வெள்ளைக்கண்ணு இப்ப எங்க இருக்காரு?"

"தெரியல."

"தெரியலன்னு இருந்தா எப்படி? போய்க் கேளுங்க," என்றாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வெள்ளைக்கண்ணு வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன். ரெண்டு பேரும் கேரளாப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். தெருக்கோடியில் பஞ்சவர்ணத்தின் தம்பி வீடு இருக்கிறது என்றார்கள். அங்கே போனேன். அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டு கதவைச் சாத்திவிட்டான். கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன். பிறகு கதவைத் தட்டினேன்.